மூன்றும் ஐம்பதும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை பத்து நாலுக்குக் கம்ப்யூட்டரும் ரோபோவின் கன்ட்ரோலரும் முதல்முறையாகப் பேச ஆரம்பித்தன. பதினொரு நிமிடம் பேசின.

கன்ட்ரோலர் நான்கு மில்லி செகண்டுக்கு ஒருமுறை ‘கை இப்போது இங்கே இருக்கிறது’ என்று சொல்லும். கம்ப்யூட்டர் கேமராவில் பஸ்ஸின் விளிம்பைப் பார்த்து, ‘அரை மில்லிமீட்டர் இடப்பக்கம் போ’ என்று அந்த நான்கு மில்லி செகண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு வினாடிக்கு இருநூற்றைம்பது கேள்வி, இருநூற்றைம்பது பதில். வேறு வழியில்லை. எங்கள் கம்பெனியில் கட்டும் பஸ்கள் கையால் வெல்டிங் செய்யப்படுபவை. முன்கண்ணாடி உட்காரும் சட்டம் ஒரு வண்டியில் நான்கு மில்லிமீட்டர் ஏறியிருக்கும், அடுத்ததில் ஆறு இறங்கியிருக்கும். மனப்பாடம் செய்த பாதையில் ரோபோ கண்ணாடி ஒட்டும் பசை போட்டால் பாதி சட்டத்தில், பாதி காற்றில்.

தொடங்கும் நொடிதான் பயம். முதல் பதில் பூஜ்யமாக இருக்க வேண்டும். முந்தைய பஸ்ஸின் கணக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கை துள்ளிவிடும். எல்லாரையும் ரோபோவைச் சுற்றிய கம்பி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். துள்ளவில்லை. மெதுவாக, ஈரச்சுவரைத் தொடுவதுபோல், சட்டத்தைத் தொட்டுப் பசையை இழுத்துக்கொண்டு போனது.

கண்ணாடி பொருத்துபவர் எல்லாரையும் மச்சான் என்பார். அதனால் அவர் பெயரே மச்சான் ஆகிவிட்டது. நான் மட்டும் அவருக்குத் தங்கச்சி. வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் சொன்னார்: “மூணு மாசமா மாமியார் வீட்டுல உக்காந்து தின்னுக்கிட்டிருந்த மாப்பிள்ளை இன்னைக்குத்தான் கைய அசைச்சிருக்காரு.”

பத்தேகாலுக்கு நின்றது. ‘பதில் வரவில்லை’ என்று திரையில் ஒரு வரி. தொடர்ந்து மூன்று பதில்கள் தவறினால் நின்றுவிடு என்று நான்தான் எழுதியிருந்தேன். நின்றது. இந்தக் கம்பெனியில் என் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்ட முதல் ஆள்.

மார்ச் 5, புதன்

ஆறு முறை நின்றது. மேனேஜர் ஆறு முறை வந்தார்.

மார்ச் 10, திங்கள்

இருபத்து நாலாம் தேதி முதலாளி பார்க்க வருகிறாராம். அதற்குள் ‘நிக்காம ஓடணும்’. காரணம் தேட இன்னும் ஒரு வாரம் கேட்டேன். மேனேஜர் தலையாட்டினார். மத்தியானமே வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து வந்துவிட்டார். கழுத்தில் டை, கையில் இரண்டு போன்.

“இவங்க வயரிங்லேர்ந்து வந்தவங்க,” என்று என்னை அறிமுகம் செய்தார் மேனேஜர். உண்மைதான். பதினாலு வருஷத்துக்கு முன் இந்தக் கம்பெனிக்குள் வயர் சீவத்தான் வந்தேன். அதன்பிறகு இங்கே வந்து இறங்கிய ஒவ்வொரு இயந்திரத்தின் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறேன். அதை ஏன் அறிமுகத்தில் சொல்லவில்லை?

டைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாவம் என்பதுபோல. அந்தச் சிரிப்பைக் குறித்துவைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

காலையில் போனால் ரோபோ வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரமாக ஒருமுறைகூட நிற்கவில்லை. மேனேஜர் முகத்தில் வெளிச்சம்.

எனக்குச் சந்தேகம். கம்ப்யூட்டரில் நான் எழுதியிருந்த கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்று இருந்த இடத்தில் ஐம்பது.

வேறொன்றும் செய்யவில்லை அந்த டைக்காரர். ஒரு எண்ணை மாற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஐம்பது பதில் தவறும்வரை ரோபோ நிற்காது. அதுவரை கடைசியாக வந்த திருத்தத்தையே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு போகும். அது ஐந்தில் ஒரு வினாடி. பசை போடும் வேகத்தில் ஐந்து சென்டிமீட்டர். மூன்று என்றால் மூன்று மில்லிமீட்டர்தான். நேரத்தை மிச்சம் பிடிக்க, ரோபோ கடைசி மூலையில் பசை போடும்போதே மச்சான் உள்ளே போய்க் கண்ணாடியோடு நிற்க வேண்டும் என்பது மேனேஜரின் புது ஏற்பாடு. அப்போது மச்சானின் விரல் பசை போடும் முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்? இரண்டு விரற்கடை.

மறுபடி மூன்று என்று மாற்றினேன். பத்து நிமிடத்தில் நின்றது. மேனேஜர் ஓடி வந்தார்.

“ஓடிக்கிட்டிருந்ததை ஏன் நிறுத்தினீங்க?”

“நான் நிறுத்தல சார். பதில் வரல, அதுவே நின்னுச்சு. அது தப்பு பண்ணல. தப்பு வேற எங்கயோ இருக்கு.”

“அவர் வச்ச மாதிரியே விடுங்க.”

“விடமாட்டேன் சார்.”

வாய் தவறி வந்துவிட்டதோ என்று இப்போது யோசிக்கிறேன். இல்லை. தவறவில்லை.

மார்ச் 13, வியாழன்

சோதனை அறிக்கையில் இரண்டு கையெழுத்து வேண்டும். இயந்திரத்தை ஓட்டியவர் ஒன்று, தரப் பரிசோதகர் ஒன்று. ஐம்பது என்று அச்சடித்த தாளை என் முன்னால் வைத்தார்கள். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

என் இடத்தில் டைக்காரர் கையெழுத்திட்டுவிட்டார். இனி இரண்டாவது.

தரப் பரிசோதகர் என் கணவர்.

மார்ச் 14, வெள்ளி

போட்டுவிட்டார்.

கேட்டதும் எனக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்பு வந்தது. சமையலறையில் அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். குற்றம் செய்த அன்றைக்கெல்லாம் அவர் பாத்திரம் துலக்குவார். பதினாறு வருஷப் பழக்கம்.

“சோதனையில எதுவும் தப்பா நடக்கல,” என்றார். “நான் நாலு மணி நேரம் நின்னு பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதிக் கொடுத்தேன்.”

“பார்க்காதது?”

“பார்க்காததை எப்படி எழுதறது?”

“அப்ப மச்சான் கையில அடிபட்டாத்தான் எழுதுவீங்களா?”

குழாயை மூடினார். “நீயும் நானும் ஒரே இடத்துல வேலை பார்க்கறோம். ரெண்டு பேரும் ஒரே நாள்ல முறைச்சுக்கிட்டு நின்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? கொஞ்சம் அனுசரிச்சுப் போனா என்ன?”

அனுசரிச்சு. இந்த ஒரு வார்த்தையை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கேன். யாரை அனுசரிக்கணும்? அந்த எண்ணையா? நாலு மில்லி செகண்டு யாருக்காவது அனுசரிச்சு அஞ்சாகுமா? போங்கப்பா.

மார்ச் 17, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும், ஒரு சொல் விடாமல்.

மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் அடம்பிடிப்பதாக, குழுவோடு ஒத்துப்போகாததாக, கணவருக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பதாக வரிசையாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அந்தப் பெரிய டிவி. ஆலையின் எல்லாக் கேமராப் படமும், எல்லாப் பிரிவின் எண்ணிக்கையும் அதில் ஓடும். முதலாளியிடம் அவர் நல்ல பெயர் வாங்கியதே அந்த டிவியால்தான்.

திட்டு முழுதாக முடியவில்லை. டிவி ஒருமுறை கறுத்து, எல்லாப் படமும் புதிதாக வந்தது. அதே நொடி கீழே தளத்தில் ரோபோவின் எச்சரிக்கை மணி அடித்தது. சோதனைக்காக ரோபோவை இன்னொரு கம்ப்யூட்டரோடு இணைத்து, மூன்றை வைத்து நான் ஓடவிட்டிருந்தேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றேகால்.

முதல்நாள் பத்தேகால். என் குறிப்பேட்டில் ஒவ்வொரு முறை நின்ற நேரமும் இருக்கிறது. எல்லாமே மணி அடிக்கும்போது, கால், அரை, முக்கால். இரண்டு வாரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. கண் இருந்தும் குருடி.

“சார், இந்த டிவி கால் மணிக்கு ஒருதடவை எல்லாத் தகவலையும் மொத்தமா இழுக்குதா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“ரோபோ கேபிளும் இந்த டிவி கேபிளும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி வழியாத்தான் போகுது. இது இழுக்கும்போது அது மூச்சு முட்டி நிக்குது. கம்ப்யூட்டர்லேர்ந்து கன்ட்ரோலருக்கு நேரா ஒரு கேபிள் போட்டா போதும். நடுவுல எதுவும் வேணாம். ஒரு நாள் வேலை.”

அவர் டிவியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். புரியத்தான் செய்தது. அதுதான் வினை.

“அந்த நேர் கேபிள் போட்டா ரோபோ என் டிவில தெரியாதே?”

“தெரியாது சார். வேற வழியா அப்புறம் காட்டலாம்.”

“முதலாளி வர்றதே அதைப் பார்க்கத்தான். நீ உன் வேலையைப் பாரு.”

பதினாலு வருஷத்தில் முதல் ‘நீ’.

“‘நீங்க’ன்னு சொல்லுங்க சார். இதுவும் என் வேலைதான்,” என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

உதிரிபாக ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். தாளில் ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ என்று போட்டிருக்கிறது. டிவியை நிர்வாகம் என்று சொல்வார்கள் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

ஸ்டோரில் ஜன்னல் கிடையாது. நூற்றுப் பன்னிரண்டு வகை போல்ட். எல்லாம் கலந்து கிடக்கின்றன. எனக்கு முன்னால் இருந்தவர் பெரிய ஞானி போலிருக்கிறது, எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மூன்று நாளில் நாற்பது வகை பிரித்து அடுக்கிவிட்டேன். இங்கே போட்டால் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தார்களா?

வீட்டில் அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை. எல்லாம் மகள் வழியாக. “அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு.” “அம்மாகிட்ட சொல்லு, பதிவு பண்ணியாச்சுன்னு.” இன்று சாப்பிடும்போது அவள் தட்டைத் தள்ளிவிட்டு, “நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கேபிளா?” என்றாள். பன்னிரண்டு வயது. வாயைப் பார்.

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்ச் சமையலறையில் சிரித்தேன்.

மார்ச் 24, திங்கள்

முதலாளி வந்தார். ஸ்டோர் வரைக்கும் கைதட்டல் கேட்டது.

ஒன்றும் ஆகவில்லை. ரோபோ ஓடியது, மச்சான் உள்ளே கண்ணாடியோடு நின்றார், பசை ஒட்டியது, படம் பிடித்தார்கள். டைக்காரருக்குப் பூங்கொத்து.

ஏதாவது ஆகியிருக்க வேண்டும் என்றா நான் எதிர்பார்த்தேன்? சத்தியமாக இல்லை. ஆனால் கைதட்டல் கேட்டபோது மனசுக்குள் ஏதோ சரிந்தது. ஒருவேளை நான்தான் பிடிவாதக்காரியா? ஐம்பதே போதுமா? மறுபடி கணக்குப் போட்டேன், போல்ட் அட்டையின் பின்பக்கத்தில். அதே ஐந்து சென்டிமீட்டர்.

இன்று ஒன்றும் ஆகாதது இன்றைக்கு மட்டும்தான் சரி.

மார்ச் 25, செவ்வாய்

மச்சான் கையுறை வாங்க ஸ்டோருக்கு வந்தார். வாங்கிய பிறகும் போகவில்லை.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். நீ ஏன் கையெழுத்துப் போடல?”

மூன்று, ஐம்பது, மில்லி செகண்டு என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மாறவில்லை. நிறுத்தினேன். மேசையில் என் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அகட்டிக் காட்டினேன். “பதில் வராம போனா, நிக்கறதுக்குள்ள இவ்வளவு தூரம் அது எங்க போகும்னு அதுக்கே தெரியாது. உங்க கை எங்க இருக்கும்?”

அவர் தன் கையைக் கொண்டுவந்து என் விரல்களுக்கு நடுவில் வைத்தார். அகலமான கை. உள்ளே அடங்கவில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

மேனேஜரிடம் சொன்னேன், டைக்காரரிடம் சொன்னேன், வீட்டில் சண்டை போட்டேன். அங்கே போய் நிற்கிறவரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்: தப்பு.

“மன்னிச்சுக்குங்கண்ணே,” என்றேன்.

கையுறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 26, புதன்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என் கணவர் சொன்னார். அவரே, என்னிடமே, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு, மகள் நடுவில் இல்லாமல்.

காலை ஷிஃப்டில் மச்சான் வேலிக் கதவு முன் நின்று உள்ளே போகமாட்டேன் என்றிருக்கிறார். அவரோடு வேலை செய்யும் இரண்டு பேரும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்கள். மேனேஜர் வந்து கத்தினார். சோதனை முடிந்து கையெழுத்தே ஆகியிருக்கிறது என்று அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

“யாரு கையெழுத்து?” என்று மச்சான் கேட்டிருக்கிறார்.

என் கணவரை வரச்சொன்னார்கள். வந்தார்.

மச்சான் குரலை உயர்த்தவில்லையாம். “தங்கச்சி வீட்டுக்காரர்னா நீங்க எனக்கு நெஜமாவே மச்சான். அதனால உரிமையோட கேக்கறேன். அந்த ரோபோ மாப்பிள்ளைய ஓடவிடச் சொல்லுங்க. முதல்ல நீங்க அந்தக் கடைசி மூலையில கைய வச்சுக்கிட்டு நில்லுங்க. பின்னாடியே நான் வரேன்.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் கதவைத் திறந்தார்.

இங்கே நிறுத்தி, சாப்பாட்டு மேசையைக் கையால் துடைத்தார். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

“கால் வரல,” என்றார். “நான் கையெழுத்துப் போட்ட இடம். உள்ள போக எனக்குக் கால் வரல.”

எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது, பன்னிரண்டு நாளாகச் சேர்த்து வைத்தது. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“அறிக்கையை வாங்கி என் கையெழுத்தை அடிச்சுட்டேன். பக்கத்துல தேதியும் போட்டேன்.”

“மேனேஜர்?”

“முறைச்சுக்கிட்டு நிக்கறோம், நீயும் நானும்,” என்றார்.

மார்ச் 27, வியாழன்

தயாரிப்பு முழு நாளும் முடங்கியது. டைக்காரர் இரண்டு போனையும் எடுக்கவில்லை.

நாலு மணிக்கு மேனேஜர் ஸ்டோருக்கே வந்தார். உட்கார இடமில்லை, போல்ட் பெட்டி மேல் உட்கார்ந்தார். அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை.

“என்ன வேணும்?”

“மூணு மூணாவே இருக்கணும். நேர் கேபிள். ரோபோ பேச்சு ஓடிக்கிட்டிருக்கும்போது வேலிக்குள்ள யாரும் இருக்கக்கூடாது. எழுதிக் கொடுங்க.”

“வேற?”

“அவ்வளவுதான் சார்.”

எழுதிக் கொடுத்தார். அவர் போன பிறகுதான் உறைத்தது, என் பழைய இடத்தைக் கேட்க மறந்துவிட்டேன். அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். சொல்வாரா?

மார்ச் 29, சனி

கேபிள் இழுத்தோம். மேற்கூரைச் சட்டத்தில் நான், கீழே மச்சான். வயரிங்லேர்ந்து வந்தவள் அல்லவா, என் கேபிளில் ஒரு முறுக்கு இருக்காது.

எல்லாரையும் வெளியே நிறுத்தி, முதல் பதில் பூஜ்யம் என்று சரிபார்த்து, ஓட்டத்தைத் தொடங்கினேன். இரண்டேகால், இரண்டரை, மூணேமுக்கால். நாலு மணிவரை ஒரு பதில்கூடத் தாமதமாக வரவில்லை. மச்சான் தலையைத் தலையை ஆட்டினார். “மாப்பிள்ளைக்குக் காது கேக்கலன்னு நினைச்சேன். நடுவுல நின்னு பேசினவங்கதான் சரியில்ல போல.”

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறேன். காலை எட்டுக்கு ரோபோவைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு எட்டேகாலுக்கு இங்கே வந்துவிடுகிறேன். கம்பெனிப் பத்திரிகையில் டைக்காரர் படம் போட்டிருக்கிறார்கள். மகள் அதற்கு மீசை வரைந்திருக்கிறாள்.

போல்ட் நூற்றுப் பன்னிரண்டும் அடுக்கி முடித்தாயிற்று. இடம் மாற்றக்கோரி மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வராவிட்டால் இன்னொன்று கொடுப்பேன். அதற்கும் வராவிட்டால் மூன்றாவது. மூன்றுக்கு மேல் பொறுக்கமாட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

மச்சானுக்கு ரோபோவைத் தொடங்கக் கற்றுக்கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. இன்று ரோபோ ஒருமுறை நின்றதாம். அவரே கதவைப் பூட்டி, கேமராக் கண்ணாடியைத் துடைத்து, யாரும் உள்ளே இல்லை என்று எண்ணிப் பார்த்து, மறுபடி தொடங்கியிருக்கிறார். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மத்தியானம் டீ குடிக்கும்போதுதான் சொன்னார், போகிற போக்கில்.

சாயங்காலம் என் கணவர் ஒரு அறிக்கையை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். தகடு வளைக்கும் இயந்திரம், வேறு பிரிவு. மேசையில் விரித்துவைத்து வரி வரியாகப் படித்தார். கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

“நாளைக்கு வேணுமாம்,” என்றார்.

“போடப்போறீங்களா?”

“அந்த ஆபரேட்டர் நிக்கற இடத்துல நானும் ஒரு ஷிஃப்ட் நின்னு பார்க்கணும். அப்புறம்தான்.”

“மேனேஜருக்குப் பிடிக்காது.”

“தெரியும்,” என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.